பழைய வோல்வோ டர்போ வேகன்: தேடுவது, வாங்குவது, மீட்டெடுப்பது

நான் முதலில் வாங்கிய டர்போ வேகனின் எஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. நவம்பர் மாத மாலை, தூறல், பாதி இருட்டு. சாவியைத் திருப்பியதும் பட்டென்று ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை, தேவையில்லாத சத்தம் இல்லை. விலை பேசி அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் கராஜில் லிஃப்டில் ஏற்றினார்கள். மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கதவுக்குக் கீழே ஓடும் ஓரத் தகட்டில் லேசாக ஒரு குத்து குத்தினார். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. "எஞ்சினைக் கழட்டி வைச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, மிச்சத்தை எடைக்குப் போடலாம்" என்றார். அப்படித்தான் செய்தேன்.

இது கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த கதை. குளிர்காலம் முழுக்க சாலையில் உப்பைக் கொட்டும் ஊர் இது. இரண்டாவது வேகனைத் தேட ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டேன். அது இப்போது வீட்டு வாசலில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். தகரத்தைப் பார்த்து வாங்குங்கள், எஞ்சினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இதில் பாதி.

படி 1: எந்த வேகன்

நான் சொல்வது வோல்வோ 740, 940 டர்போ வேகன்களை. வேகன் என்றால் கூரை பின்னால் வரை நீண்டு, டிக்கி பெரிதாக இருக்கும் கார். டர்போ என்றால் வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. 740 செடான் 1984-இல் வந்தது, வேகன் 1985-இல். 1990-இல் வந்த 940 ஐரோப்பாவில் 1998 வரை ஓடியது. பின் சக்கரங்கள் இழுக்கும் வண்டி. எஞ்சின் 2.3 லிட்டர், 4 சிலிண்டர், 8 வால்வு. பெயர் பி230எஃப்டி. இரும்பு பிளாக்குக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள், அதனால் இந்தக் குடும்பத்துக்கே 'ரெட் பிளாக்' என்று பெயர். சுமார் 160 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் பெரிய எண் இல்லை. ஆனால் டர்போ இழுக்கத் தொடங்கும்போது வீட்டு பீரோ எழுந்து ஓடுவது போல இருக்கும், அந்தச் சுகமே வேறு. இதன் அண்ணன் 240 டர்போ 1985-இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பையே வென்றது. 'பறக்கும் செங்கல்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் பெல்ட்) அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. வண்டி நின்றுவிடும், புது பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். அதே காலத்து 16 வால்வு எஞ்சினான பி234-இல் இந்தச் சலுகை கிடையாது. அது டர்போவும் இல்லை, விட்டுவிடுங்கள்.

ஆண்டு விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: 1990-க்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 1987 வரை வந்த வண்டிகளின் எஞ்சின் ஒயரிங்கில் போட்ட பிளாஸ்டிக் உறை, சூட்டில் காய்ந்து அப்பளம் போல உதிரும். உறை உதிர்ந்த ஒயர்கள் ஒன்றோடு ஒன்று உரசினால் என்ன கோளாறு வரும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. 1990 வாக்கில் பெரிய காரெட் டி3 டர்போவுக்குப் பதிலாகச் சிறிய மிட்சுபிஷி டர்போ வந்தது, அது சீக்கிரமே அழுத்தம் கொடுக்கிறது. பிஸ்டன்களைத் தாங்கும் கனெக்டிங் ராடுகளும் தடிமனாயின. தன் கோளாறைத் தானே சொல்லும் போஷ் எல்ஹெச் 2.4 எரிபொருள் அமைப்பும் இந்த வண்டிகளில் இருக்கிறது. ஐரோப்பாவில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே விற்ற 940-களில் சிலவற்றில் 135 குதிரைத்திறன் தரும் குறைந்த அழுத்த டர்போதான் இருக்கும்.

பின்னால் 'டர்போ' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். எழுத்தைக் கழற்றி ஒட்ட ஐந்து நிமிடம் போதும். பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: பார்க்கப் போகும் நாள்

பகலில் போங்கள், மழை இல்லாத நாளாக. டார்ச், சின்ன காந்தம், ஸ்க்ரூடிரைவர், ஒரு ஜோடி மெல்லிய ரப்பர் கையுறை, கூடவே ஆசைப்படாத ஒரு நண்பர். இந்தக் கடைசி ஐட்டம் முக்கியம். நமக்குப் பிடித்த வண்டியின் ஓட்டை நம் கண்ணுக்குத் தெரியாது.

விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்கத்தான் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் செய்யும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் தகரம். டிக்கிக் கதவில் கண்ணாடிக்குக் கீழ் விளிம்பும் கதவின் அடி விளிம்பும் வேகன்களின் பலவீனமான இடம். அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், பெயின்ட் கொப்பளம் போல வீங்கியிருந்தால் உள்ளே துரு வேலையை முடித்திருக்கும். பின்புறக் கம்பளத்தையும் தரை மூடிகளையும் தூக்குங்கள். கையில் ஈரம் பட்டால் பின்விளக்குச் சந்தின் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. பேட்டரியின் அடித்தட்டு, ஜாக்கி வைக்கும் இடங்கள், முன் ஷாக் மேலே முட்டும் இடம், ஓரத் தகடு எல்லாவற்றையும் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். ஜாக்கி வைக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்கவே வேண்டாம், கேட்டால் மனசு மாறும்.

கிலோமீட்டர் மீட்டரை வைத்து விலை பேசாதீர்கள். இந்தக் காலத்து மீட்டர்களில் குட்டியாக ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து எண்கள் நின்றுபோவது சகஜம். 2,40,000 என்று காட்டினால், அது எந்த வருடம் நின்றது என்று கேளுங்கள்.

படி 3: எஞ்சினை விசாரிப்பது

தகரம் தேறினால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின் மேல் கையுறையைப் போர்த்துங்கள். கையுறை உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. பலூன் போல உப்பி எழுந்து கையை ஆட்டினால் எஞ்சின் மூச்சுவிட முடியாமல் திணறுகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் அடைத்துக்கொண்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டிதான், அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதனால் உப்பினால் பயப்பட வேண்டாம், விலையைக் குறையுங்கள். பெட்டியை மாற்றிய பிறகும் உப்பினால்தான் பிஸ்டன் ரிங் தேய்ந்த கதை.

ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, பின் ஒரே மிதி. சைலன்சரில் நீலப் புகை குபீரென்று வந்து அடங்கினால் வால்வு சீல் அல்லது டர்போ. வெள்ளைப் புகை விடாமல் வந்து, இனிப்பு வாசமும் அடித்தால், எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகு, விற்பவர் சம்மதித்தால் டர்போவுக்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் விசிறியை விரலால் சுழற்றுங்கள், வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் இம்மியளவு ஆடலாம், ஆனால் இறகு சுவரைத் தொடக்கூடாது. முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால் துளியும் அசையக்கூடாது.

அடுத்து, எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். பானெட்டுக்குள் இடதுபக்கம், ஷாக் முட்டும் மேட்டுக்கு அருகில், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக மூடி போட்ட ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் எண் போட்ட துளைகள், ஒரு பட்டன், ஒரு சிவப்புக் குட்டி விளக்கு, பக்கத்தில் தொங்கும் ஒரு சின்ன ஒயர். ஒயரை 2-ஆம் துளையில் செருகுங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பட்டனை ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாக அழுத்தி விடுங்கள். விளக்கு கண் சிமிட்டும். ஒன்று, இடைவெளி, ஒன்று, இடைவெளி, ஒன்று. 1-1-1 என்றால் ஒரு புகாரும் இல்லை. 1-2-1 என்றால் காற்று அளக்கும் மீட்டரின் சிக்னலில் கோளாறு. இப்படி மூன்று இலக்கமாகச் சொல்லிக்கொண்டே போகும். 6-ஆம் துளையில் செருகினால் இக்னிஷன் பற்றிய புகார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய வண்டி, ஸ்கேனர் எதுவும் இல்லாமல், கண் சிமிட்டியே தன் உடம்பு நிலையைச் சொல்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது ஆட்டோமேட்டிக் கியர் 4-க்கு மாறுகிறதா என்று கவனியுங்கள். டர்போ வண்டிகளில் இருப்பது ஏடபிள்யூ71 கியர்பாக்ஸ், உழைப்பாளி. 4-ஆவது கியர் விழவில்லை என்றால் உடனே கியர்பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டாம். அதைக் கட்டுப்படுத்தும் ரிலே என்கிற மின்சுவிட்சின் உள்ளே ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கலாம்.

படி 4: காகிதம்

ஒன்டாரியோவில் தனியாரிடம் வாங்கினால், விற்பவர் யூவிஐபி என்கிற பழைய வாகனத் தகவல் தொகுப்பைத் தர வேண்டும். முந்தைய உரிமையாளர்கள், கடன் பாக்கி எல்லாம் அதில் இருக்கும். நம்பர் பிளேட் போட சேஃப்டி சான்றிதழ் வேண்டும், அது 36 நாள்தான் செல்லும். ஆகவே வேலை நிறைய இருக்கும் வண்டிக்கு முன்கூட்டியே சான்றிதழ் வாங்குவதில் பயனில்லை. உள்ளபடியே வாங்கி, கயிறு கட்டாமல் டோ டிரக்கில் ஏற்றிக் கொண்டுவந்து, வேலை முடிந்த பிறகு சோதனைக்குக் கொண்டுபோங்கள். 30 வயதான வண்டிக்கு வரலாற்று பிளேட் கிடைக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போக முடியாது.

படி 5: முதல் வாரம்

சரி, வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. இப்போது யாருக்கும் டர்போ அழுத்தத்தைக் கூட்டத்தான் கை அரிக்கும். தயவுசெய்து கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் திரவங்கள்: எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பின் அச்சு ஆயில். கியர்பாக்ஸ் ஆயிலை வெறுமனே வடித்தால் பாதிதான் வரும். கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு வாளியில் விட்டு, எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, வெளியே வந்த அதே அளவு புதியதை மேலிருந்து ஊற்ற வேண்டும். சிவப்பாக வரும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மஞ்சளாகிப்போன கூலன்ட் டாங்கியை மாற்றிவிடுங்கள், அது சொல்லாமல் வெடிக்கும்.

பிறகு டைமிங் பெல்ட். ஏறக்குறைய 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. முந்தைய உரிமையாளர் "போன வருஷம்தான் போட்டேன்" என்பார், ரசீது இல்லாவிட்டால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கழற்றும்போதே கேம், இடைத்தண்டு, கிராங்க் ஆகிய மூன்று சுழல்தண்டுகளின் முன் சீல்களையும், வாட்டர் பம்பையும் மாற்றிவிட வேண்டும். புது பெல்ட்டில் கோடுகள் அச்சிட்டிருக்கும், அவற்றைச் சக்கரங்களின் குறிகளோடு பொருத்துங்கள். ஸ்ப்ரிங் டென்ஷனரின் நட்டைத் தளர்த்தி, கிராங்கை ஸ்பானரால் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி, குறிகள் திரும்பவும் சேர்கின்றனவா என்று பார்த்து, நட்டை இறுக்குங்கள். 1000 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

படி 6: மூச்சுப் பெட்டி

இந்த வண்டிகளில் காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கசிவது எல்லா எஞ்சினிலும் உண்டு. அது வெளியேற ஒரு வழி வேண்டும். இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிபோல்டுக்குக் கீழே, பிளாக்கின் பக்கத்தில், ஆயிலையும் வாயுவையும் பிரிக்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. வருடக்கணக்கில் ஆயில் கசடு சேர்ந்து அது அடைத்துக்கொள்ளும். வாயு போக வழி இல்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். முதலில் கேம் சீல் கசியும், பிறகு கிராங்கின் பின் சீல். பின் சீலை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

அதோடு நிற்காது. டர்போவின் நடுப்பகுதிக்கு வரும் ஆயில் வேலை முடிந்ததும் ஒரு தடித்த குழாய் வழியாகத் தானாகவே கீழே வடிந்து எஞ்சினுக்குள் போக வேண்டும். அதைத் தள்ள பம்ப் கிடையாது. உள்ளே அழுத்தம் இருந்தால் ஆயில் வடியாமல் டர்போவிலேயே தேங்கி, சீலைத் தாண்டிக் கசிந்து, நீலப் புகையாக வெளியே வரும். உடனே கராஜில் டர்போ போய்விட்டது என்பார்கள். புது டர்போ வரும், அதுவும் ஒரு மாதத்தில் புகை விடும். என் நண்பர் ஒருவருக்கு இரண்டு டர்போ மாற்றி, மூன்றாவதற்கும் கொட்டேஷன் கொடுத்தார்கள். பெட்டியை மாற்றினோம், புகை நின்றது.

கைக்கு எட்டாத இடம்தான். மேனிபோல்டைக் கழற்றினால் வேலை சுத்தமாக நடக்கும், கழற்றாமல் செய்தால் முழங்கைத் தோல் போகும். பெட்டியோடு அடியில் வரும் ஓ-ரிங்கையும் எல்லா ஹோஸ்களையும் புதிதாகப் போடுங்கள். பழைய பெட்டியைக் கழுவிப் போடலாமே என்று தோன்றும், வேண்டாம். முடித்ததும் கையுறைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

படி 7: ரப்பர்

டர்போ வண்டியில் காற்று எங்கே கசிந்தாலும் கணக்கு தப்பும். மீட்டர் அளந்த காற்று ஒரு அளவு, சிலிண்டருக்குப் போவது வேறு அளவு. மீட்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் மடிப்பு மடிப்பான ஹோஸைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். கழற்றி, துருத்தி போல இழுத்துப் பாருங்கள், மடிப்புக்குள் விரிசல் வாயைத் திறக்கும். இன்டர்கூலர் ஹோஸ்கள், குட்டி வாக்குவம் ஹோஸ்கள் எல்லாம் அப்படியே. வாக்குவம் ஹோஸ்களை மீட்டர் கணக்கில் வாங்கி ஒரே மாலையில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போடுங்கள். காற்று மீட்டரையே சந்தேகித்தால், அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிடுங்கிய பிறகு வண்டி நன்றாக ஓடினால் குற்றவாளி மீட்டர்தான்.

படி 8: ஒயரும் ஈயமும்

ஸ்டார்ட் ஆகாமல் வெறுமனே சுற்றுகிறதா? எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர் முள்ளைப் பாருங்கள். சுற்றும்போது முள் துளிகூட அசையவில்லை என்றால், கியர்பாக்ஸ் உறையின் தலையில் இருக்கும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள், அதன் ஒயர் உறையும் உதிரும் ஜாதி. முள் அசைந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் பம்ப் ரிலே. அதன் உறையைக் கழற்றி உள்ளே உள்ள பலகையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஈயப் பொட்டைச் சுற்றி முடி போல வட்ட விரிசல் தெரியும். சூடு காட்டிப் புது ஈயம் வைத்தால் சரியாகிவிடும்.

அடுத்தது டிக்கிக் கதவு ஒயர். கூரையிலிருந்து கதவுக்குள் போகும் ஒயர்க்கட்டு கீலுக்குப் பக்கத்தில் ரப்பர் குழலுக்குள் போகிறது. ஆயிரக்கணக்கான தடவை கதவு திறந்து மூடி, உள்ளே செம்பு முறிந்திருக்கும், வெளியே உறை முழுசாகவே தெரியும். பின் வைப்பர் வேலை செய்யாது, நம்பர் பிளேட் விளக்கு கதவைப் பாதி திறந்தால் மட்டும் எரியும். கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, ரப்பரை ஒதுக்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒயரை வெட்டுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து வெட்டினால், மங்கிப்போன நிறங்களில் பழுப்பு எது, சிவப்பு எது என்று தெரியாமல் முழிப்பீர்கள், நான் முழித்தேன். வளைந்து கொடுக்கும் சிலிக்கான் உறை ஒயரில் ஒரு ஜாண் துண்டு இடையில் வைத்துப் பற்றவையுங்கள். பற்றுகள் மடங்கும் இடத்தில் வரக்கூடாது, எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தும் வரக்கூடாது.

படி 9: டர்போ, கீழ்ப்பகுதி, துரு

டர்போவைக் கழற்ற வேண்டி வந்தால் ஸ்டட்களில் துரு இளக்கும் ஆயிலை மூன்று நாள் முன்பே தெளிக்கத் தொடங்குங்கள். அவசரப்பட்டு ஒன்றை முறித்தால் அன்றைய நாள் அதோடு சரி. புதியதைப் போட்டதும் நேரே ஸ்டார்ட் செய்யாதீர்கள். கிராங்க் சென்சார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆயில் அழுத்தம் வரும் வரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள், டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரட்டும்.

கீழ்ப்பகுதியில் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டிய மூட்டுகளும் ரப்பர்களும் இவை: முன்பக்கம் பால் ஜாயின்ட், கன்ட்ரோல் ஆர்ம் புஷ், ஷாக் மேல் மவுன்ட். பின்பக்கம் டிரெய்லிங் ஆர்ம் புஷ். சில வேகன்களில் பின்னால் நிவோமட் என்கிற, பாரத்துக்கு ஏற்பத் தானே உயரும் ஷாக் இருக்கும், விலை அதிகம். சாதாரண ஷாக்குக்கு மாற்றினால் ஸ்ப்ரிங்கையும் கெட்டியானதாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி குந்திவிடும்.

துருவுக்கு ஒரே வைத்தியம்: பளபளக்கும் தகடு வரும் வரை வெட்டி, புதுத்தகடு வைத்து வெல்டிங். மேலே பட்டி பூசினால் அடுத்த குளிர்காலத்தில் திரும்ப வரும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடியிலும் கதவுகளின் உள்ளேயும் ஆயில் அடித்துவிடுகிறேன். இரண்டு நாள் வாசலில் சொட்டும், வீட்டில் திட்டு விழும்.

படி 10: இப்போது அழுத்தம்

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, ஒரு பருவம் ஓட்டிய பிறகு, வேண்டுமானால். கம்பெனி வைத்த டர்போ அழுத்தம் சுமார் 0.5 பார் ('பார்' என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). டாஷ்போர்டில் இருக்கும் மீட்டர் குத்துமதிப்பாகத்தான் காட்டும், எண் போட்ட நல்ல மீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். நான் 0.7 பாரில் நிறுத்திவிட்டேன். அதற்கே நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் பின்சீட்டுச் சாமான்கள் டிக்கிக்குப் போய்விடுகின்றன. பெட்ரோலும் இக்னிஷனும் சரியாக இல்லாமல் அதற்கு மேலே ஏற்றினால் உள்ளே டிக் டிக் என்று தட்டும், பிஸ்டன் உருகும்.

ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், டர்போவுக்குள் ஆயில் கருகாமல் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் நான் இறங்கிப் பின்னால் போய், நம்பர் பிளேட் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.